சீழ்க்கை

ஐந்தரைக்குத் தாரமங்கலம் தாண்டும்போது
வேன் கண்ணாடியில் எங்கள் மூச்சே பனி.
தேன்மலர் டீச்சர் குறிப்பேட்டில் கட்டம் போட்டார்:
பெயர், எண்ணிக்கை, நேரம்,
கண்டதா, கேட்டதா.
கடைசிக் கட்டம் வந்தபோது
என் பக்கம் பார்க்காமல் இருந்தார்.
நல்ல மனசு.

உருக்காலையில் இருபத்தாறு வருஷம்.
தகடு தகடாய்ப் போனதெல்லாம்
யார் யார் வீட்டிலோ சாப்பாட்டுத் தட்டாயிற்று.
கூலி தந்தது ஆலை;
வாடகைக்கு என் காதின் மேல்மாடியை எடுத்துக்கொண்டது.
கீழ்த்தளத்தில் குறையில்லை.
லாரி கேட்கும். தவில் கேட்கும்.
செண்பகம் கூவினால் வயிற்றுக்குள்ளேயே கேட்கும்.
சிரல் கேட்காது.
கதிர்க்குருவி கேட்காது.
பால் குக்கர் விசிலடித்து
இரண்டு முறை அடுப்படி கருகியது.

பூலாம்பட்டி.
ஆறு ஓடவில்லை.
கதவணைக்குப் பின்னால் தேங்கி நின்று
வெள்ளாவி விட்டது.
எதிரே ஈரோடு மாவட்டம் என்றார்கள்.
அந்தப் பனியில்
மாவட்டம் இருப்பதாகவே தெரியவில்லை.

நீர்க்காகம் நாற்பத்தொன்று.
பாம்புத்தாரா ஆறு, ஒன்று சிறகு காயப்போட்டபடி.
விரால் அடிப்பான் ஒன்று,
மின்கம்பத்தில், முதுகு காட்டி.
கவிழ்த்துப் போட்ட பரிசலின் விளிம்பில் ஒரு சிரல்
வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.
"கத்துதா?"
"காது கிழியுதுங்க" என்றார் முஸ்தபா.
நான் அதற்கு ஒரு சத்தம் வைத்தேன்:
ஆறிய தகட்டில் நகம் பட்டால் வருமே, அது.
தொண்ணூற்று நாலில் கேட்டது.
இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது.

எட்டு மணி இருக்கும்.
நாலு தலையும் ஒரே சமயத்தில் அக்கரைக்குத் திரும்பின.
ஏதோ சீழ்க்கை.
பாறையில் பட்டுத் திரும்பி வந்ததை
அங்கிருந்தே வருவதாக நினைத்துவிட்டார்கள்.
எனக்கு யாரும் திரும்பச் சொல்லவில்லை.

அதனால் நான் இக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாணலடியில் குமிழி.
குமிழிக்குப் பின்னால் குமிழி, வரிசை பிசகாமல்.
அப்புறம் ஈரத்தலை, மீசை,
வாய்க்குக் குறுக்கே ஒரு கெளுத்தி.
பின்னாலேயே இன்னும் இரண்டு சின்னத் தலைகள்.
மல்லாந்து படுத்து
மீனின் தலையிலிருந்து தின்றது,
முறுக்குத் தின்பது போல, அவசரமில்லாமல்.
பைனாகுலரை எடுக்கத் தோன்றவில்லை.
அது என்னைப் பார்த்தது.
பார்த்துக்கொண்டே மென்றது.

"நீர்நாய்!"
ரகசியமாகத்தான் சொன்னேன்.
ஆலைக்குள் பேசிப் பழகிய ரகசியம்.
கொக்குகூட எழுந்து போனது.
நால்வரும் திரும்பியபோது
தண்ணீரில் வட்டம் மட்டும்.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.
பென்சில் நின்றது, நகரவில்லை.
அப்போது செங்கோடன் வலையை இழுத்தார்,
இழுத்தபடியே திட்டினார்,
கிழிசலுக்குள் விரல் விட்டு எண்ணினார்.
"பெருசு ஒண்ணு, சிறுசு ரெண்டு.
குட்டியக் கூட்டிட்டு வந்து பழக்குதுங்க, மூதேவி."

டீச்சர் எழுதினார்:
நீர்நாய், மூன்று, எட்டு பன்னிரண்டு.
கேட்டது நால்வர். கண்டது ஒருவர்.
"எங்க கணக்க எதுல எழுதுவீங்க?" என்றார் செங்கோடன்.
அந்தக் கட்டம் இல்லை.
முஸ்தபா இருநூறு நீட்டினார்.
வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு,
வலைக்கு அறுநூறு ஆகும் என்றார்.
சரிதான்.

திரும்பும் வழியெல்லாம் கேட்டேன்,
எப்படி இருந்துச்சு அந்தச் சத்தம்?
சைக்கிள் ட்யூபில் காத்து இறங்குற மாதிரி,
டயர்க் கடை முஸ்தபா.
ஈரச் சோதனைக் குழாயைத் துடைச்சா வருமே,
வேதியியல் டீச்சர்.
பியூலா, பிரசவ வார்டு நர்ஸ்:
பொறந்து ஒரு நாள்கூட ஆகாத புள்ள, பசிக்கு.
ஓட்டுநர் ஜோதிவேல் யோசித்து யோசித்து
ஓமலூர் பிரிவில் சொன்னார்,
"இதெல்லாம் இல்லீங்க."

வெயிலில் சேர்வராயன் தெளிந்திருந்தது.
மரவள்ளி மாவு காயும் களத்தில் வாலாட்டிகள்
வெள்ளை மேல் ஓடி ஓடிக் கால்தடம் போட்டன.

இன்றைக்கு இரவு ஷிப்ட்.
காதடைப்பான் பையில்தான் கிடக்கிறது,
மூன்று வருஷமாகப் பிரிக்காத பாக்கெட்.
பிரிக்கிறேன்.